குப்பி எண் 417

நாங்குநேரியிலிருந்து வந்த குப்பி.
அரக்கு உடையவில்லை.
முதலில் உப்புநீரைச் சோதிக்க வேண்டும்:
தூத்துக்குடி உப்பு
குற்றமற்றது என்று எழுதினேன்.

பிறகு முப்பிடாதியின் இரைப்பை. வயது இருபத்தாறு.
மஞ்சள் அரளி விதை, நன்றாக அரைபட்டது.
அமிலம் விட்டுக் காய்ச்ச
நீலம் எழுந்தது,
பணகுடி மலையில் மழை இறங்குமுன் வரும்
அதே நீலம்.

கூடவே கரையாத துணுக்கொன்று:
கருப்பட்டி.
உடன்குடிச் சரக்காக இருக்கலாம்; அது என் ஊகம்.

கசப்புக்குப் பயந்து அவளே சேர்த்தாளா,
குடிக்கட்டும் என்று வேறொரு கை சேர்த்ததா?
"சொல்லுங்க மேடம்" என்பார் வக்கீல்.
அமிலத்துக்கு அது தெரியாது.

படிவத்தில் நஞ்சுக்குக் கட்டம் உண்டு,
இனிப்புக்கு இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்.
மேலதிகாரி அழித்துவிட்டார்.
அழித்த இடம் மட்டும்
கொஞ்சம் அழுக்காக இருக்கிறது.