ஓய்வுத் துடிப்பு

பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கிறது அந்த அட்டவணை,
எந்த வேலைக்கு உடம்பு எவ்வளவு ஆக்சிஜன் செலவழிக்கும் என்று
பதினோரு பக்கம்.
பனி வாருவதற்கு ஓர் எண்.
கோல்ஃப் மட்டைகளைத் தானே சுமந்தால் ஒன்று,
வண்டியில் வைத்துப் போனால் வேறொன்று.
உட்கார்ந்தபடி தேவாலயத்தில் பாடுவதற்குக்கூட உண்டு.

நடவு இல்லை.
இரண்டு முறை பார்த்தேன். ரிஸ்வானாவும் பார்த்தாள்.
"தோட்ட வேலைன்னு ஒண்ணு இருக்கே, அதுல சேத்துக்க."
தோட்ட வேலைக்குப் பக்கத்தில் ஒரு ரோஜாச் செடி வரைந்திருந்தது.

ஐப்பசி.
மைதானத்தின் நானூறு மீட்டரில்
நூற்றிருபது தண்ணீருக்குள்.
மூன்றாவது தடத்தில் கெண்டைக் குஞ்சொன்று வளைவைக் கடந்தது,
யாரும் நேரம் குறிக்கவில்லை.
ஆய்வகத்தில், ஓடுபொறியின் மேல்,
மூக்கைக் கிளிப்பால் அடைத்து வாயில் குழாயைக் கவ்வி
என் இதயத்துக்கு ஒரு கோடு வரைந்தோம்:
இத்தனை துடிப்பென்றால் இத்தனை காற்று.
பதினெட்டாவது நிமிடம் கரண்டு போனது.
கோடு நூற்று அறுபதில் நின்றது.
"போதும், நடவுக்கு அவ்வளவு ஏறாது" என்றார் சார்.
சார் நட்டதில்லை.

ஞாயிறு. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனம், தாளடி.
அம்மாவின் செட்டில் பத்தொன்பது பேர், நான் இருபதாவது.
நெஞ்சுக்கூட்டின் கீழே ரப்பர்ப் பட்டை,
அதன்மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை.
முன்தொடை, பின்தொடை, ஆடுசதை என்று
ஒவ்வொரு தசையையும் பெயர் சொல்லி நீட்டிப் பழகியவள்.
மூன்றாவது நாற்றுமுடி முடிவதற்குள்
இடுப்புக்குக் கீழே எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.
அதைத் தேர்வுத்தாளில் எழுத முடியாது.

"நெஞ்சுல என்னாடி கட்டியிருக்க, தாயத்தா?"
பக்கத்தில் செங்கமலம் அக்கா.
நாற்பத்தொரு வயது, நாற்பத்து மூன்று கிலோ.
நான் ஒன்று நடுவதற்குள் மூன்று நடுகிறவர்.
சொன்னேன்.
"எனக்கும் கட்டு."

சாப்பாட்டு நேரத்தில் வரப்பில் படுக்கவைத்து
ஐந்து நிமிடம் பேசக்கூடாது என்றேன்.
அதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது.
கைக்கடிகாரத்தில் எண் இறங்கியது:
எழுபது, அறுபத்து நான்கு, ஐம்பத்தேழு.
ஐம்பத்திரண்டு.
பட்டை நழுவியிருக்குமென்று
மணிக்கட்டைப் பிடித்து விரலால் எண்ணினேன்.
ஐம்பத்திரண்டு.

விடிகாலை நாலரைக்கு எழுந்து
இரண்டு வருடமாக எண்ணூறு மீட்டர் ஓடுகிறவளுக்கு,
முட்டையையும் கொண்டைக்கடலையையும் எடைபோட்டுத் தின்கிறவளுக்கு,
ஐம்பத்தொன்பது.

பொறாமைக்கும் ஓர் எண் இருந்திருந்தால்
அன்று மதியம் நல்ல அளவீடு கிடைத்திருக்கும்.

"கொறச்சலா வந்துருச்சா?"
இதில் குறைந்தால்தான் நல்லது அக்கா.
"அப்ப எங்க கூலிதான் ரொம்ப நல்ல கூலி."
சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார்,
பட்டையோடு.

திங்கட்கிழமை வரைபடத்தைச் சார் வெகுநேரம் பார்த்தார்.
"கருவி சரியா இருந்துச்சா?"
இருந்துச்சு சார்.
"யாரு, ஓடுற பொண்ணா?"
நடுற பொண்ணு சார்.
"ஒரு ஆள் போதாது. முப்பது பேராவது வேணும்.
அப்புறம், உன் கோட்ட வச்சு அவங்களைப் படிக்க முடியாது.
ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிக் கோடு போடணும்."

பட்டை துறையில் ஒன்றுதான் இருக்கிறது.
விடுதிக் கொடியில் காய்கிறது,
எத்தனை முறை அலசினாலும் கொஞ்சம் வண்டல் விடுகிறது.

புதன்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார் செங்கமலம் அக்கா.
ஓடுபொறி என்றால் என்னவென்று விளக்கினேன்,
"எங்கயும் போகாம ஓடணுமா" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.
ரிஸ்வானாவின் ஷூ அவருக்குச் சரியாக இருக்கும்.
ஒரு நாள் கூலி முன்னூற்றைம்பது, போக வர பஸ்,
ஆய்வுச் செலவு என்ற கட்டத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சார் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.