பொதுவில் ஓர் ஐந்து

டுலூத்தில் ஜனவரி. துறைமுகம் உறைந்து கப்பல்கள் நின்றுவிட்டன.
எமரி வீட்டு நிலவறையில்
துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் ஹீட்டருக்கும் நடுவே
ஆறு பேர், ஒரு மடக்கு மேஜை, நான்கு பகடை.

இன்று புது ஆட்களைப் பிறப்பிக்க வேண்டும்.
வலு, வேகம், உடல்தெம்பு, படிப்பு, விவேகம், வசீகரம்:
ஆளுக்கு ஆறு எண்.
தலையெழுத்தைப் பென்சிலால் எழுதுகிற இடம்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.
ரப்பரும் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் சிக்கல்.

போன வருடம் அவரவர் விதியை அவரவர் உருட்டினோம்.
கோர்வினுக்குப் பதினெட்டு, பதினேழு, மறுபடி பதினேழு.
டெல்மருக்கு ஒன்பது, எட்டு, ஏழு.
ஒரே பகடை, ஒரே மேஜை, ஓரவஞ்சனை இல்லை
என்று நான் சத்தியம்கூடச் செய்வேன்.
பதினோரு வாரம் கோர்வின் பூதங்களை வெட்டினான்.
பதினோரு வாரம் டெல்மர் தீப்பந்தம் பிடித்தான்,
பொறி இருக்கலாம் என்று தோன்றிய கதவுகளை
முதலில் போய்த் திறந்தான்.
பன்னிரண்டாம் வாரம்
பனி வாரும் வண்டியில் கூடுதல் ஷிப்ட் என்று செய்தி அனுப்பினான்.
அன்று பனியே பெய்யவில்லை.

அதற்குப் பிறகு ரேஷன் போட்டேன்.
ஆளுக்கு இருபத்தேழு புள்ளி,
கடையில் வாங்குவதுபோல் வேண்டியதை வாங்கிக்கொள்.
யாருக்கும் குறையில்லை. யாருக்கும் ஆச்சரியமும் இல்லை.
எல்லா வீரனுக்கும் வலு பதினைந்து,
எல்லா மந்திரவாதிக்கும் எட்டு.
நான்கே வாரத்தில் கொட்டாவி.
"சம்பளப் பட்டியல் மாதிரி இருக்கு" என்றாள் சுவி.
தாது ஏற்றும் துறையில் சம்பளப் பட்டியல் எழுதுகிறவள் நான்.
கொஞ்சம் சுட்டது.
அங்கே கப்பல் நின்றால் ஆட்குறைப்பு, சேர்ந்த தேதிப்படி.
பகடைக்கு அதில் வேலையில்லை.
ஆனாலும் அதை நியாயம் என்று
ஒருவர் வாயால் கேட்டதில்லை.

இந்த முறை இப்படி:
ஆளுக்கு ஓர் உருட்டல்தான். நான்கு பகடை, சின்னது கழியும்.
ஆறு பேர், ஆறு எண். ஆறும் எல்லாருக்கும் பொது.
எதை எங்கே வைப்பது என்பது அவரவர் பாடு.

பதினைந்து. பதின்மூன்று. பன்னிரண்டு.
என் கையில் பத்து. கோர்வினுக்கு, வேறென்ன, பதினாறு.
டெல்மர் உள்ளங்கையில் ஊதி உருட்டினான்.
ஒன்று, ஒன்று, இரண்டு.
நாலாவது இயந்திரத்தின் அடியில் ஓடிப்போனது.
டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு.
ஒன்றைக் கழித்தால் ஐந்து.

ஹீட்டர் மட்டும் உறுமியது.
"தரையில் விழுந்தது செல்லாது" என்றான் எமரி, மெதுவாக.
அப்படி ஒரு விதி எங்களுக்கு இருந்ததேயில்லை.
டெல்மர் காது சிவக்கத் தொப்பியை மாட்டினான்.

காயிங் ஐந்தை எழுதினாள். அழுத்தி.
வலு என்ற கட்டத்தில்.
"வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் ஆட்களைத் தூக்கறேன்.
இங்கே ஒரு வாளியைக்கூடத் தூக்க மாட்டேன்."

சுவி வசீகரத்தில் வைத்தாள்:
நிஜம் சொன்னாலும் எவரும் நம்பாத முகம் வேண்டுமாம்.
எமரி படிப்பில்:
தன் வேதத்தையே வாசிக்கத் தெரியாத பூசாரி.
கோர்வின் மூன்று தரம் அழித்தான், தாள் கிழியும்போலிருந்தது.
கடைசியில் உடல்தெம்பில் எழுதி,
"முதல் அடியிலேயே விழுவேன்,
யாராவது பிடிச்சுக்குங்க" என்றான்.
அவன் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததே இல்லை.

டெல்மர் தொப்பியைக் கழற்றினான்.
விவேகம்: ஐந்து.
"பொறி எங்கேன்னு எனக்கு இனிமே தெரியாது.
கதவை வேற யாராவது திறங்க."

ஆட்டத்தை நடத்துகிறவளுக்கு ஆள் கிடையாது, தாள் கிடையாது.
எல்லாரும் படியேறிப் போனபின் குறிப்பேட்டைத் திறந்தேன்.
மலைக்கடியில் நூறாண்டாய்த் தூங்கும் டிராகனின் பக்கத்தில்
செவி என்று புதிதாய் ஒரு கட்டம் வரைந்து
அந்த ஐந்தை அதில் வைத்தேன்.

வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.
டெல்மருக்கு இன்றிரவு
நிஜமாகவே ஷிப்ட்.