ஈரப்பதம் பதினெட்டு

கோட்டூர் கொள்முதல் நிலையத்தில்
தூற்றும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே
"நம்ம மூட்டைய ஒரு படம் புடிங்க மேடம்" என்றார்
லோடுமேன் விருத்தகிரி.
மூட்டை என்பது நாய்.
முழுக் கறுப்பு. இடது காதில்
கருத்தடை முகாமில் வெட்டிய முக்கோணம்.

கல்யாண மேடைகளில்
"சார், முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க" என்றால்
சம்பந்திச் சண்டையில் இருப்பவர்கள்கூட
எனக்காக இறக்குவார்கள்.
மூட்டை கொட்டாவி விட்டது.

முதல் படத்தில் வால்.
அடுத்ததில், நாய் இருந்த இடம்.
பிஸ்கட் உறையைக் கசக்கினேன்:
கையைப் பார்த்தது, லென்ஸை அல்ல.
விசிலடித்தேன்:
எடை போடுகிறவர் திரும்பினார்.
நின்றபடி எடுத்த பதினோரு படங்களிலும்
பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பையன் மாதிரி
வெள்ளைவிழி உருட்டி மேலே பார்த்தது.

உச்சி வெயில் வேறு.
வெயிலில் கறுப்பு நாய் என்பது
நாய் வடிவத்தில் ஓர் ஓட்டை.

சலித்துப்போய்
தார்ப்பாயில் குப்புறப் படுத்தேன்.
முழங்கைக்குக் கீழே நெல் நழுவியது.
கழுத்தெல்லாம் சுணை.
அங்கிருந்து பார்த்தால்
உலகம் முழுக்கக் கணுக்கால், டயர், சாக்குத் தையல்.
குவியலில் விழுந்த வெயில்
மஞ்சளாகத் திரும்பி வந்து
அதன் தாடைக்கு அடியில் புகுந்தது.
ஓட்டைக்குள்ளிருந்து
மயிர் மயிராக ஒரு முகம் மேலே வந்தது.
புருவத்தில் இரண்டு பழுப்புப் பொட்டு.
முழுக் கறுப்பு என்றா சொன்னேன்?

எனக்குப் பின்னால் விருத்தகிரி
ஒரு சிப்பத்தை இறக்கிவிட்டு
தலைத்துண்டை உதறினார். அவ்வளவுதான்.
கூப்பிடக்கூட இல்லை.
இரண்டு காதும் எழுந்தன,
வெட்டுப்பட்டதும்.

அழுத்தினேன்.
அடுத்த நொடி லென்ஸ் முழுக்க மூக்கு.

அந்தப் பக்கம் பில் கிளார்க்
யாருடைய நெல்லையோ அளந்து
"பதினெட்டு. காயவச்சுக் கொண்டாங்க" என்றார்.
கண்ணாடியில் அப்பியிருந்த ஈரத்தை
அவரிடம் நீட்டலாமா என்று தோன்றியது.

ராத்திரி மன்னார்குடியில்
படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன்.
இடது கண்ணுக்குள் நெல் மலை, கொஞ்சம் வானம்,
துண்டு உதறும் ஓர் எறும்பளவு மனிதர்.
அவர் காலடியில்
வயிற்றில் படுத்திருக்கும் ஏதோ ஒரு பிராணி,
அதற்கு ஒற்றைக் கண், வட்டமாக.

அனுப்பினேன்.
காலையில் குரல் பதிவு வந்தது, பின்னணியில் குரைப்போடு:
"மூஞ்சி மட்டும்தான் இருக்கு மேடம்.
நாலு காலும் தெரியிற மாதிரி
ஒண்ணு எடுத்திருக்கலாம்."