ஐந்தாம் வேலைநாள்

பிரேசிலில் ஐந்தாம் வேலைநாளைத்
தாண்டக் கூடாது சம்பளம். சட்டம்.
அதனால் நான்காம் நாள் இரவு
பாதி ஊரின் பணம்
ஒஸாஸ்கோவில், இரண்டாம் மாடியில்
ஜன்னல் இல்லாத ஓர் அறை வழியாகப் போகிறது.

கறுப்புப் பெட்டி, என்னைவிட ஒரு சாண் உயரம்.
மெயின்ஃபிரேம் என்று யாரும் சொல்லாததால்
புதிதாய் வந்த துப்புரவுக்காரி
துடைத்த துணியை அதன்மேல் காயப்போட்டாள்.
எடிவால்டோ சத்தம் போடவில்லையாம்.
"சூடு பின்பக்கம்தான் வரும், அங்கே போடு" என்றாராம்.
பிறகு அவரே எடுத்துப் பிழிந்து
குளியலறையில் மாட்டினாராம்.

நான் வந்திருப்பது எடிவால்டோவின் இடத்துக்கு.
திங்கள் இரவு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவர்
எழுந்திருக்கவில்லை.
செவ்வாய் மதியம் எனக்குப் போன்:
க்ளெயோனிஸி, இன்று இரவு வர முடியுமா?
மாற்று ஆட்கள் பட்டியலில்
மூன்று வருடமாக என் பெயர்.
அதுவரை ஒருவரும் கூப்பிட்டதில்லை.

பதினொரு மணிக்கு ஓடத் தொடங்கியது.
கோழிப் பண்ணை ஆட்கள் நாலாயிரம்,
நகராட்சிச் செவிலியர், பஸ் கம்பெனி,
ஒரே ஒரு சமையற்காரி மட்டும் உள்ள
ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடை.
ஆளுக்கு ஒரு வரி,
வரிக்கு ஒரு கழித்தல், ஒரு கூட்டல்.

தான் எழுதியதை அது உடனே நம்பிவிடாது.
இருபத்து மூன்று கிலோமீட்டர் தள்ளி
பர்னாயிபாவில் இதற்கொரு இரட்டை.
ஆற்றோரம் புதைத்த கண்ணாடி இழையில்
வெளிச்சம் அங்கே போய்
"எழுதிக்கொண்டேன்" என்ற சொல்லோடு
திரும்பி வந்த பிறகுதான்
இங்கே சம்பளம் சம்பளமாகும்.
போய்வர, நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு.
ஆறு நாறுவது வெளிச்சத்துக்குத் தெரியாது.

இரண்டு நாற்பத்தொன்று.
திரையில் ஒரு வரி. சிவப்புகூட இல்லை, மஞ்சள்.
பத்தொன்பதாம் கோர் நின்றுவிட்டது.
உதிரி கோர் எடுத்துக்கொண்டது.

ஆறு வருடம் ஒரு வேலையும் தராமல்
உள்ளேயே உட்கார வைத்திருந்த கோர் அது.
யாருடைய சம்பளத்தையோ
கூட்டிக்கொண்டிருந்தபோதே நின்றிருக்கிறது முந்தையது.
கையில் இருந்த எண்,
மேலே போக வேண்டிய ஒன்று,
எந்த வரியில் நிற்கிறோம் என்பது,
அத்தனையும் சிந்தாமல் கைமாறி
விட்ட இடத்திலேயே பிடித்துக்கொண்டது புதியது.
ஓடிக்கொண்டிருந்த நிரல் திரும்பிப் பார்க்கவில்லை.
பணி தடைபடவில்லை என்று பதிவேட்டில் எழுதி
கையெழுத்துப் போட்டேன்.

எடிவால்டோவிடமிருந்து எனக்கு வந்தவை:
இழுப்பறையில் பாதி தீர்ந்த பிஸ்கட் பொட்டலம்,
நாற்காலியில் ஒரு நீலக் கம்பளிச் சட்டை
(வெளியே புழுக்கம், இங்கே நடுக்கம்),
மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய தாள்:
"ஏழாம் சேனல் – ஜுராந்திரிடம் கேள், மறுபடியும் அந்த"

அவ்வளவுதான்.
மறுபடியும் எந்த?
ஏழாம் சேனல் நன்றாகத்தான் ஓடுகிறது.
விளக்கை எடுத்துப் போய்ப் பார்த்தேன்.
மஞ்சள் கேபிள், மற்றவற்றைப் போல.
தொட்டும் பார்த்தேன், எதற்கென்று தெரியாமல்.
சட்டையைப் போட்டுக்கொள்ளவா என்று
நாலு மணி வரை யோசித்தேன்.
போட்டுக்கொண்டேன். கை நீளம்.

எங்கள் ஆட்களின் சம்பளமும்
இந்த வரிசையில்தான் போகிறது என்பது
ஐந்தரைக்கு அறிக்கை வந்தபோதுதான் உறைத்தது.
எடிவால்டோ, பணியாளர் எண் முந்நூற்றாறு.
போன மாதம் முழுதும், இரவுப்படி சேர்த்து.
வரவு வைக்கப்பட்டது. பிழை இல்லை.
பர்னாயிபாவும் ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது.
கோர் போன செய்தியைப் பெட்டி
தன்னைச் செய்தவர்களுக்குத் தானே அனுப்பியிருந்தது.
ஜுராந்திர். என்னை ஹலோ சொல்லவும் விடவில்லை.
"கோருக்கு அவசரமில்லை கிழவா,
உள்ளே இன்னொன்று இருக்கிறது, வெள்ளிக்கிழமை வருகிறேன்.
ஏழாம் சேனல்தான்,
மறுபடியும் அந்த வேலையைக் காட்டியதா?"

"எந்த வேலை?" என்றேன்.

என் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து
எதுவும் திரும்பவில்லை.
மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன.
யாரோ தெருவில் லாரியைப் பின்னால் எடுத்தார்கள்.

பிறகு அவர், முதலிலிருந்து, மெதுவாக,
மழைக்காலத்தில் அது என்ன செய்யும் என்று
சொல்லத் தொடங்கினார்.
பிஸ்கட்டைத் தின்றுகொண்டே
எழுதிக்கொண்டேன்.