பதிமூன்றாம் நாள்

கோஷித்சேயில் ஜனவரி. வெளியே பனி.
உள்ளே, உலையின் சிறு சன்னலில்
ஆயிரத்து ஐந்நூறு டிகிரி.
கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டால்தான்
வெண்மைக்குள் அந்த வெண்கோடு தெரியும்.

தீக்குச்சி நீளம், அதைவிடக் கொஞ்சம் தடிப்பு:
சிலிக்கான் கார்பைடுச் சட்டம்.
தூளை உருகவிடாமலே
மணிமணியாய்ச் சூட்டில் ஒட்டவைத்தது.
அதன் முதுகில், நெம்புகோல் வழியே,
பன்னிரண்டு கிலோ.
என் மகன் ஷிமோனை
இரண்டு வயதில் தூக்கிச் சுமந்த எடை.

ஊர்கிறது என்கிறார் ஹுதாச்கோ.
நொடிக்கு நூறு கோடியில் ஒரு பங்கு.
நம்பத்தான் வேண்டும்.
நான் இரவுப் பணிக்காரி.
ஆர்கான் அழுத்தம், தண்ணீர் ஓட்டம், வெப்பம்
மணிக்கொருமுறை எழுதிவைக்கிறேன்.

ஐந்தாம் நாள் கோட்டில் ஒரு துள்ளல்.
ஆறாம் நாளும்.
ஏழாம் நாளும், அதே நாலே முக்காலுக்கு.
ஹுதாச்கோவுக்குத் தலைகால் புரியவில்லை.
மணிகளின் எல்லை வழுக்குகிறது,
எல்லைகள் கூடும் மூலையில் துளை பிறக்கிறதென்று
பலகை கொள்ளாமல் வரைந்தார்.

எட்டாம் நாள்
கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.
எஃகு ஆலைக்கு முதல் ஷிப்டை ஏற்றிப்போகும் டிராம்
வளைவில் திரும்பியது.
தரை என் பூட்சுக்குள் ஏதோ சொன்னது.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.
மூன்றாம் நாள்
ரப்பர் துண்டுகளோடு வந்தார்.
மேசையின் நாலு காலுக்கும் கீழே
நாங்களே குனிந்து செருகினோம்.

துள்ளல் போயிற்று.
சரிவு போகவில்லை.
யாரும் உலுக்காமல், எதுவும் நேராமல்
அது பாட்டுக்குச் சரிந்துகொண்டிருந்தது.
அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

பதிமூன்றாம் நாள் அணைத்தோம். ஆற ஒரு நாள்.
கண்ணாடித் தட்டில் சட்டத்தை வைத்து
பக்கத்தில் விளக்கைச் சாய்த்தார் ஹுதாச்கோ.
இரு முனைக்கும் அடியில் இருட்டில்லை.
ஒரு முடி நுழையும் வெளிச்சம்.

அவர் விரல் தானாக அதன் மேல் போனது,
அமுக்கி நேராக்கிவிடலாம் என்பதுபோல்.
வேண்டாம் என்றேன்.
குளிர்ந்துவிட்டது. இனி வளையாது,
உடையும்.

ஒரு பெட்டியில் பஞ்சு வைத்துப் பெயர் எழுதினோம்:
எண், தேதி, மணிநேரம்.
துள்ளலைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி.
டிராம் என்று எழுதவில்லை,
'புற அதிர்வு' என்று எழுதினார்.

மறுநாள் விடியலில்
அதே டிராமில்தான் வீட்டுக்குப் போனேன்.
வளைவு வந்தது. கம்பியைப் பிடித்தபடி
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.