கீறல் விழுந்த இடம்

'பஞ்சர் மாப்பிள்ளை' அட்டையில்
நாயகனின் வேட்டியை ஓர் ஆடு இழுத்துக்கொண்டிருக்கும்.
ஒரு நாள் வாடகை ஒரு வெள்ளி. தாமதமானால் ஐம்பது காசு.
கோவில் கமிட்டிச் செயலாளர் கடைக்குள் வந்தால்
அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்.
வெள்ளிக்கிழமை அவர் மனைவி வருவார்,
கறுப்புப் பையைக் கையோடு கொண்டு.

நல்ல படங்களும் வைத்திருந்தேன்.
தாய்க்காக அழுவது, தாலிக்காக அழுவது,
விருது வாங்கியதால் யாரும் வாங்காதது.
உறை பிரியாமலே மஞ்சளித்துப் போயின.

இதில் கதை என்று பெரிதாக இல்லை.
டயர் ஒட்டுகிறவன் பெண் பார்க்கப் போகிறான்.
முந்தின இரவு பலாக்கொட்டைக் குழம்பு.
கூடத்தில் பதினேழு பேர், பஜ்ஜி, மௌனம்.
பெண் காப்பித் தட்டோடு வந்து நிற்கையில்
அந்தச் சத்தம்.
மாமனார் கூரையைப் பார்க்கிறார்.
வாசலில் ஆடுகூட மெல்லுவதை நிறுத்துகிறது.
அவன் வாயைத் திறக்கிறான்.

அங்கேதான் கீறல்.

படம் கட்டம் கட்டமாய் உடையும், பச்சையாகும், விக்கும்,
நேரே அவள் சிரிப்புக்குத் தாவும்.
ஈறு தெரிய, தட்டு ஆட,
காப்பி தாய்மாமன் மடியில் கொட்ட,
வாயைப் பொத்தாமல் சிரிக்கிற கதாநாயகியை
அதுவரை நான் பார்த்ததில்லை.
அவன் என்னதான் சொன்னான்?

ஆளுக்கொன்று சொன்னோம்.
லோரி பன்னீர்: "மாமா, இது முன்பணம்.
மிச்சம் கல்யாணத்துக்கப்புறம்."
உதிரிப்பழம் பொறுக்கும் தவமணி:
"அத்தை, நாற்காலி நல்ல பலகைதானா?"
ராஜா மூசாப் பையன்கள் சொன்னதை எழுதினால்
செயலாளர் இந்தக் கவிதையையும் திருப்பி வைப்பார்.
செம்பனை வெட்ட வந்த வங்காளதேசத்து ரஃபீக்
தன் மொழியில் ஏதோ சொன்னான்.
ஒரு வார்த்தை புரியவில்லை.
அன்றைக்குத்தான் வயிறு வலித்தது.

எங்கள் ஊர்ப் பெயருக்கே அப்படியொரு வழக்கு உண்டு.
பத்தாங் பெர்ஜுந்தை.
மலாய் தெரிந்தவர்கள் சொல்லிவிட்டு இருமுவார்கள்.
அர்த்தம் சரியில்லை என்று
பெஸ்தாரி ஜெயா என்று பலகை மாறியது.
பலகை அழகாகத்தான் இருக்கிறது.
மூச்சிரைக்க ஓடி பஸ்ஸைப் பிடிக்கிறவன் மட்டும்
"பத்தாங்கா?" என்றுதான் கேட்கிறான்.

பன்னீரும் யோகேஸ்வரியும் நாலு மாதம் பேசவில்லை.
சீட்டுப் பண விவகாரம்.
சோற்றுக்கு உப்புகூடப் பிள்ளை வழியாகத்தான்.
ஒரு மழை இரவு படம் அந்த இடத்தில் விக்க,
இரண்டு வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது:
"முன்பணம்."
சிடியைத் திருப்பித் தர அவள்தான் வந்தாள்.
மூன்று நாள் தாமதக் காசை
நான் கேட்பதற்குள் மேசையில் வைத்தாள்.

அந்தக் கடையில் இப்போது கைப்பேசி உறை விற்கிறேன்.
போன தீபாவளிக்கு யோகேஸ்வரியின் மகன்
எங்கிருந்தோ இறக்கி வந்தான்
கீறலில்லாத, பளிச்சென்ற படத்தை.
தெருவே அவர்கள் வீட்டில்.
பலாக்கொட்டை. பதினேழு பேர். சத்தம்.
எல்லாரும் முன்னால் சாய்ந்தோம்.
அவன் வாயைத் திறந்தான்.
"மன்னிச்சிடுங்க" என்றான்.

அவ்வளவுதான்.

யோகேஸ்வரி கடித்த முறுக்கைத் தட்டில் வைத்தாள்.
"இதுக்கா அவ அப்படிச் சிரிச்சா?"
பன்னீர் தன் கடனை யாரோ அடைத்துவிட்ட மாதிரி
உட்கார்ந்திருந்தார்.
தவமணிதான் சொன்னாள்:
"தம்பி, பின்னால ஓட்டு.
அவன் வாயைத் திறந்ததும் நிறுத்து."

நிறுத்தினான்.
பெரிய திரையில், பல்லில் பஜ்ஜித் துணுக்கோடு,
நாயகன் எங்களுக்காகக் காத்திருந்தான்.
யார் முதலில் என்று பார்த்துக்கொண்டோம்.
மூலையில் செயலாளர் மனைவி தொண்டையைச் செருமினார்,
முந்தானையைச் சரிசெய்தார்.
"மொதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க."