காசிமேட்டில் அகரவரிசை

விடிய இன்னும் மூன்று மணி நேரம்.
டீசல் டோக்கன் கவுன்டரில் பிரிஸ்கில்லா
‘அந்தோ’ என்று தட்டிவிட்டு
டீயைக் கையில் எடுக்கிறாள்.
திரையில் வட்டம் சுற்றுகிறது.
வெளியே பெட்டியில் ஐஸ்
சொட்டுச் சொட்டாய்க் கணக்குப் பார்க்கிறது.
“இன்னாம்மா, பேரைத் தேடுறியா
பேரு வெக்கிறியா?”
வரிசையில் யாரோ. பிறகு சிரிப்பு.
டீ பாதி காலி.

குற்றம் என்னுடையது.
நிறுவிய அன்று
ஊர் எது, மொழி எது என்று கேட்டது.
கொஞ்சம் மார்தட்டலோடுதான் சொன்னேன்:
இந்தியா, தமிழ்.
சோதனைக்குப் போட்டது நாற்பது பெயர்;
இமைக்குமுன் வந்தது.
இப்போது ஆறு வருட ரசீதும் சேர்ந்து
இருபது லட்சம் வரி.

அட்டவணை இருக்கிறது,
அழகான அகரவரிசையில்.
ஆனால் அந்த அழகை நம்பி
‘அந்தோ’ இங்கே தொடங்கி இங்கே முடியும் என்று
அது கோடு கிழிக்காது.
மொழி என்றால் எடை உண்டு, விலக்கு உண்டு,
புள்ளி வைத்தால் ஒரு நீதி
வைக்காவிட்டால் ஒரு நீதி.
எதற்கு வம்பு என்று
முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை
சட்டையைப் பிடித்து நிறுத்தி
நீ அந்தோவா, நீ அந்தோவா
என்று கேட்டுக்கொண்டே போகிறது.

அன்றிரவே மொழியைக் கழற்றினேன்.
பதிலுக்கு ஒற்றை எழுத்து: சி.
“சீ-ன்னா? என்னையா திட்டுற?”
இல்லை பிரிஸ்கில்லா,
இனி அதற்கு எழுத்து தெரியாது
எண் மட்டும்தான் தெரியும்.
தட்டினாள்.
விரலை எடுப்பதற்குள் வந்து நின்றது
அந்தோணியார் அருள், நீலப் படகு, அறுபத்தெட்டு அடி.

மூன்று நாள் எனக்குக் கடம்பா வறுவல் இலவசம்.

நான்காம் நாள்
சுவரில் ஒட்டிய பட்டியலைச் சுற்றிக் கூட்டம்.
எத்திராசின் படகு அம்மன் துணை.
ரெமிஜியஸின் படகு அன்னை மேரி.
“நேத்து வரைக்கும் எனக்கு அப்பால நின்னவன்
இன்னிக்கு எப்படி முன்னால?”
பதினெட்டு மெய்யில் கடைசியாய் நிற்க வேண்டிய ன்
யாரோ ஒதுக்கிய எண்ணின்படி
ந்-இன் தோளை உரசிக்கொண்டு, ம்-ஐ முந்திக்கொண்டு.
ஜெபமாலை வேறு
கடைசிப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து
சகரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

எத்திராசு சண்டைக்கு வரவில்லை.
க் ங் ச் ஞ் என்று விரல் மடக்கினார்;
பத்து தீர்ந்து மறுபடி விரித்து
எட்டாவதில் நிறுத்தினார்.
“ன் எங்க நைனா போச்சு?”
ரெமிஜியஸ் மட்டும்
எதுவும் கேட்காதவர்போல்
டோக்கனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுபடி தமிழுக்கே திரும்பினேன்.
பக்கத்தில் இன்னொரு அட்டவணை,
எண் மட்டும் அறிந்தது.
தேட அது, வாசிக்க இது.
இடம் கூடுதலாய்ப் பிடிக்கிறது,
புது ரசீது எழுதும்போது
சற்றே மூச்சிரைக்கிறது. போகட்டும்.

இன்று ‘அந்’ என்பதற்குள்
அந்தோணியார் வந்துவிட்டார்.
பிரிஸ்கில்லாவின் டீ
ஆடை படிந்து ஆறிக் கிடக்கிறது.
அதற்கும் திட்டு எனக்குத்தான்.